விரிதாளில் தானியங்கு மேக்ரோக்களும் தமிழ்த் தரவும்: ஐயம்பேட்டை நெசவுச் சொற்களை முன்வைத்து

திறவுச்சொற்கள்: எக்செல், தானியங்கு மேக்ரோ, ஒருங்குறி, நெசவுச் சொற்கள், ஐயம்பேட்டை

களஆய்வில் திரட்டிய சொற்களை எக்செல் விரிதாளில் தொகுப்பது இன்று பெருவழக்காகும். கோப்பைத் திறந்தவுடன் தானே இயங்கித் தரவை ஒழுங்குசெய்யும் நிரல் தானியங்கு மேக்ரோ எனப்படும். காஞ்சிபுரத்தை அடுத்த பட்டு நெசவூரான ஐயம்பேட்டையின் தொழிற்சொற்கள் அடங்கிய விரிதாள் ஒன்றில், 'பாவு' என்னும் வழக்கு வடிவத்தைப் 'பா' என மாற்றும் மேக்ரோ உள்ளதாகக் கொள்வோம். அது இயங்காமற் போவது சிறு இடையூறு. பிழையாக இயங்குவதே பேரிழப்பு.

இயங்காமைக்குரிய காரணங்கள் சிலவே. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகைக் கோப்பில் மேக்ரோ தங்காது. எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமித்தல் வேண்டும். 'ஒர்க்புக்_ஓப்பன்' நிரல் 'திஸ்ஒர்க்புக்' பகுதியிலும், 'ஆட்டோ_ஓப்பன்' பொது நிரற்கூறிலும் அமைய வேண்டும். இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்பின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. 1999இல் மெலிசா வைரஸ் வேர்டு மேக்ரோ வழியே பரவியதை நினைத்தால் இத்தடை மிகையன்று. நம்பகமான கோப்பாயின், அதன் பண்புகள் சாளரத்தில் தடையை நீக்கலாம். முன்னர் இயங்கிய மேக்ரோ நிகழ்வுகளை நிறுத்திவிட்டு இடையில் முறிந்திருந்தால், எக்செலை முழுவதும் மூடித் திறப்பதே போதும்.

தமிழ்த் தரவுக்கே உரிய சிக்கல் வேறு. விஷுவல் பேசிக் தொகுப்பி ஒருங்குறியை ஏற்பதில்லை; விண்டோசில் தமிழுக்கென ஆன்சி குறிமுறைப் பக்கமும் இல்லை. ஆகவே நிரலுள் நேரடியாக இடப்படும் 'பாவு' நான்கு கேள்விக்குறிகளாகிவிடும். எழுத்து இரண்டாயினும் குறியீட்டுப் புள்ளிகள் நான்கு. எக்செலின் தேடி மாற்றும் கட்டளையிலோ கேள்விக்குறிக்கு 'ஏதேனும் ஒரு குறி' என்பது பொருள். எனவே முழுக் கலத்தையும் ஒப்பிடுமாறு பணித்தாலும், நான்கு புள்ளிகள் கொண்ட 'நாடா'வும் 'பாவு'டன் சேர்ந்து '??' என மாறும். பகுதி ஒப்பீடாயின் நீண்ட சொற்களும் தப்பா. மேக்ரோ செய்த மாற்றத்தை 'அன்டூ' மீட்டுத் தராது. சேமித்துவிட்டால், நெசவாளர் வாய்மொழியாகக் கேட்டுப் பதிந்த சொற்கள் படி எடுத்து வைத்திராதவரை அழிந்தனவே.

தீர்வு எளிது. நினைவகத்தில் விஷுவல் பேசிக் சரங்கள் ஒருங்குறியிலேயே உள்ளன. குறை தொகுப்பியில் மட்டுமே. ஆதலால் தேடுசொல்லையும் மாற்றுச்சொல்லையும் தனித் தாளின் கலங்களில் எழுதி, அக்கலங்களை மேக்ரோ படிக்குமாறு செய்யலாம். குறுஞ்சொல்லாயின் 'சிஎச்ஆர்டபிள்யூ' சார்பில் எண்களைத் தரலாம். 'பா' என்பதற்கு 2986, 3006. எவ்வாறாயினும் மூலப் பத்தியைத் தொடாது, விளைவை அடுத்த பத்தியில் எழுதச் செய்தலே ஆய்வுக்குத் தகும்.

சரிபார்ப்பிலும் ஒரு பொறி உண்டு. செய்திப் பெட்டி நல்ல தமிழையும் கேள்விக்குறியாகவே காட்டும். அதைக் கொண்டு தரவு கெட்டதென முடிவுசெய்தல் கூடாது. 'ஏஎஸ்சிடபிள்யூ' சார்பால் கலத்தின் முதற்குறியைச் சோதித்தால், 63 எனில் அது உண்மையான கேள்விக்குறி. 2986 எனில் பகரம்.