ஒரு மில்லிவிநாடி நெருப்பு

பிக்கட்டி, மஞ்சூர் பக்கத்திலிருந்து குன்னூருக்கு வந்து போகிறவர்களுக்குக் காட்டேரி அருவி பழகிய இடம். சாலையோரம் வண்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு போகும் சுற்றுலாப் பயணிகளுக்கு, அந்தத் தண்ணீர் ஒரு காலத்தில் என்ன வேலை பார்த்தது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 20-ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு அந்த நீரை வைத்து ஆங்கிலேய அரசு மின்சாரம் எடுத்தது. மின்சாரம் போனது குன்னூரை அடுத்த அருவங்காட்டில் எழும்பிக்கொண்டிருந்த கார்டைட் தொழிற்சாலைக்கு.

1903-இல் நிறுவப்பட்ட அந்தத் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. 2021 அக்டோபர் 1 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளும் மருந்துதான் அதன் சரக்கு. நாட்டின் மிகப் பழைய உந்துமருந்து ஆலை இது. இதை ஏன் மலையில் கொண்டுவந்து வைத்தார்கள்? வற்றாத தண்ணீர், 1899-இலேயே குன்னூர் வரை ஏறிவிட்ட ரயில், கடலிலிருந்து பத்திரமான தூரம் ஆகியவற்றோடு குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டைட் வெயிலைத் தாங்காத பண்டம். அது ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இந்த மருந்தின் குணத்தைப் புரிந்துகொள்ள ராணுவத்தைவிட ஒரு விளையாட்டு நல்ல வழி. 'பிராக்டிகல்' கைத்துப்பாக்கிப் போட்டி என்று அதற்குப் பெயர். 1976-இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் கூடி, இதற்கென ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பை அமைத்தார்கள். ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பதுபோல ஒரே இடத்தில் அசையாமல் நின்று சுடுவது இதில் கிடையாது. ஓட வேண்டும், தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து சுட வேண்டும், நடுவில் தோட்டா மாற்ற வேண்டும். எடுத்த புள்ளியை ஆன விநாடியால் வகுத்தால் வருவதே மதிப்பெண். வேகம், துல்லியம் இரண்டோடு மூன்றாவதாக விசையையும் கணக்கில் சேர்க்கிறார்கள். அங்கேதான் வேதியியல் உள்ளே வருகிறது.

போட்டியாளரின் தோட்டாக்களில் சிலவற்றை நடுவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டை எடைபோடுகிறார்கள். மற்றவற்றைச் சுட்டு, வேகமானியில் அளக்கிறார்கள். குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வருவது விசை எண். சாதாரணப் பிரிவுக்கு அது 125-ஐத் தொட வேண்டும். 124.9 வந்தால் 125 என்று தாராளமாக எழுதிக்கொள்ள மாட்டார்கள். அவர் சுட்டது போட்டிக் கணக்கில் ஏறாது. உயர்விசைப் பிரிவில் நிற்கிறவருக்கு ஒரு சலுகை உண்டு. இலக்கின் நடுவை விட்டு விலகிய அடிகளுக்குச் சற்றே கூடுதல் புள்ளி கிடைக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 124 கிரெயின் குண்டு, அதாவது ஏறத்தாழ 8 கிராம், விநாடிக்கு 1010 அடி வேகத்தில் போனால் விசை எண் 125.2. அதே குண்டு 1005 அடி வேகத்தில் போனால் 124.6. விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வித்தியாசத்தில் ஒரு வருடப் பயிற்சி வீணாகிவிடலாம். அதனால் அனுபவசாலிகள் 128, 130 என்று கொஞ்சம் இடம்விட்டே வைத்துக்கொள்வார்கள். தேவைக்கு மேல் ஏற்றினாலும் வினைதான். துப்பாக்கி கூடுதலாக உதைக்கும், அடுத்த குறிக்குத் திரும்பத் தாமதமாகும். சட்டம் கேட்கும் விசைக்கு ஒரு நூல் மேலே, ஒவ்வொரு தோட்டாவிலும் அதே அளவில் இருக்க வேண்டும். கடைத் தோட்டாவில் இது எப்போதும் அமைவதில்லை என்பதால், சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் போட்டியாளர்கள் சுட்ட கூட்டையே எடுத்துத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். செலவும் குறைகிறது.

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும். பித்தளையைத் தேர்ந்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. வெடிக்கும் கணத்தில் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி, எளிதாக வெளியே வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப விரிந்து சுருங்கினால் உலோகம் இறுகி, ஒரு நாள் வாய்ப்பகுதியில் கீறல் விடும்.

பித்தளைக் கீறல் என்றதும் நம் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஆங்கிலேயப் படைக்கு இந்தியாவில் ஒரு விநோதமான தொல்லை இருந்தது. மழைக்காலம் வந்தால், சுடாமல் சும்மா வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடிப்புவிட்டன. மழைக்காலத்தோடு வந்து போனதால் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921-இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தை விளக்கியது. மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியது. கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிப்போன இழுவிசை மீதியைப் பார்த்துக்கொண்டது. கூட்டை மிதமாகச் சூடாக்கி அந்த இழுவிசையைத் தளர்த்தினால் வெடிப்பு நின்றுவிடும். அணு உலைக் குழாய்களில் இன்று பொறியாளர்கள் அஞ்சுகிற 'தகைவு அரிப்பு வெடிப்பு' குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். அம்மோனியா கலந்த பாலிஷால் தோட்டாக்கூட்டைத் துடைக்கக் கூடாது என்று விவரமறிந்தவர்கள் இன்றும் எச்சரிப்பது இதனால்தான்.

பிரைமர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. பாக்ஸர் என்ற ஆங்கிலேயரின் வடிவமைப்பை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. பெர்டான் என்ற அமெரிக்கரின் வடிவமைப்பை ஐரோப்பியப் படைகள் எடுத்துக்கொண்டன. பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே துளை என்பதால் பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றுவது சுலபம். மறுநிரப்பல் அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்ததற்கு இந்தத் துளைக்கும் பங்குண்டு. பிரைமரில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. உள்ளரங்கில் அடிக்கடி சுடுகிறவர்களின் ரத்தத்தில் ஈயம் ஏறுவது மருத்துவர்கள் அறிந்த பிரச்சினை.

இனி மருந்துக்கு வருவோம். பழைய கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். புகை, கரி, அழுக்கு. இரண்டு முறை சுட்டால் எதிரில் நிற்பவர் தெரியமாட்டார். 1846-இல் ஷோன்பைன் பஞ்சை அமிலங்களில் நனைத்து வெடிபஞ்சு செய்தார். மறு ஆண்டு சொப்ரேரோ நைட்ரோகிளிசரினைக் கண்டார். இரண்டுமே மிகுந்த ஆக்ரோஷம் கொண்டவை, துப்பாக்கியையே பிளந்துவிடும். 1884-இல் பிரான்சின் பால் வியெய் வெடிபஞ்சைக் கரைப்பானில் கூழாக்கி, அதன் நார்த்தன்மையை அழித்து, தகடாக்கி வெட்டினார். அதன்பின் அது வெடிக்கவில்லை, எரிந்தது. 1887-இல் நோபல் தன் மருந்தைக் கொண்டுவந்தார். அதில் கற்பூரம் சேர்த்திருந்தார். கற்பூரம் காற்றில் கரைந்துபோகும் என்பது நமக்குத் தெரியாததா? 1889-இல் ஃபிரெடெரிக் ஏபலும் ஜேம்ஸ் டூவாரும் கற்பூரத்துக்குப் பதிலாக வாசலின் சேர்த்து, அசிட்டோனில் பிசைந்து, இழைகளாகப் பிழிந்து எடுத்ததே கார்டைட். நாம் காப்பி சுமந்துபோகும் ஃபிளாஸ்க்கின் மூலவடிவைத் தந்தவரும் இதே டூவார்தான். நோபல் காப்புரிமை வழக்குப் போட்டார். 1895-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார்.

மருந்தின் வேதியியலுக்கு இணையாக அதன் வடிவமும் முக்கியம். ஒரே எடை விறகைக் கட்டையாக வைத்தால் நின்று எரியும், சிராய்களாக்கினால் குப்பென்று பற்றும். உந்துமருந்தும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காகவே எரிகிறது. கம்பியாக இருந்தால் எரிய எரிய மேற்பரப்பு குறையும். நடுவில் துளையிட்ட குழாயாக இருந்தால் வெளிப்பரப்பு குறைய உட்பரப்பு கூடி, மொத்தம் ஏறத்தாழ நிலையாக நிற்கும். பல துளைகள் இட்டால் பரப்பு கூடிக்கொண்டே போகும். நீளமான பீரங்கிக்கு ஒரு வடிவமும் குட்டையான கைத்துப்பாக்கிக்கு வேறு வடிவமும் தேவைப்படுவது இதனால்தான். கைத்துப்பாக்கியின் குழல் ஒரு சாண் நீளம்கூட இல்லை. குண்டு அதைக் கடக்க ஒரு மில்லிவிநாடி கூட ஆகாது. அதற்குள் எரிந்து முடிக்க மெல்லிய செதில்களோ நுண்ணிய மணிகளோ வேண்டும்.

எரியும் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது என்பது இதில் நுட்பமான, ஆபத்தான பகுதி. அழுத்தம் ஏறினால் வேகமாக எரியும்; வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் ஏறும். 9 மி.மீ. தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரக்குழு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 2350 பார். கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. இவ்வளவையும் செய்வது அரை கிராம்கூட இல்லாத மருந்து. கூட்டின் கொள்ளளவோ அதைவிடப் பெரிது. கவனக்குறைவாக இரட்டை அளவு விழுந்தாலும் வெளியிலிருந்து தெரியாது; துப்பாக்கி கையிலேயே சிதறும். மறுநிரப்பலில் நடக்கும் கொடிய விபத்துகளில் இதுவே அதிகம் பேசப்படுவது.

இந்த நெருப்புக்குக் காற்று தேவையில்லை. ஆக்சிஜன் மருந்தின் மூலக்கூறிலேயே கட்டுண்டு கிடக்கிறது. அதனால் ஊட்டியின் மெல்லிய காற்றிலும் சென்னைக் கடற்கரையிலும் தோட்டா ஒன்றுபோலவே பற்றும். வெப்பநிலை வேறு கதை. பெரும்பாலான மருந்துகள் சூட்டில் வேகமாகவும் குளிரில் மந்தமாகவும் எரிகின்றன. சில தலைகீழாகவும் நடக்கும். குன்னூரின் காலைக் குளிரில் 126 காட்டிய தோட்டா வேலூர் வெயிலில் வேறு எண்ணைக் காட்டலாம். ஆலைகள் வெவ்வேறு நாளில் வடித்த மருந்தை ஒன்றாகக் கலந்து, சுட்டுச் சோதித்து, மறுபடி கலந்துதான் வெளியே அனுப்புகின்றன. பலமான மருந்து செய்வது 130 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்த வேலை. நேற்றுப்போலவே இன்றும் எரியும் மருந்து செய்வதுதான் இன்றுவரை தொழிலின் கடினம்.

துப்பாக்கியைச் சீரமைப்பதும் இதே தேடலின் மறுபாதி. விசை எண் 125 கொண்ட குண்டு சுமக்கும் உந்தம் சுமார் 2.5 கிலோகிராம் மீட்டர்/விநாடி. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஒரு கிலோ துப்பாக்கி விநாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் பின்னால் வரப் பார்க்கும். நம் 124 கிரெயின் குண்டு எடுத்துச்செல்லும் ஆற்றல் சுமார் 380 ஜூல். துப்பாக்கியின் பங்கு 3 ஜூல் சொச்சம்தான். நம் கை பிழைத்திருப்பது இந்தக் கணக்கால். இதன் மேல் வாயுவின் உதையும் சேர்கிறது. கனமான குண்டை மெதுவாக அனுப்பினால் அதே விசை எண்ணுக்கு மருந்து குறைவாகப் போதும். வாயு குறையும், உதை மென்மையாகும். கட்டுப்பாடுகள் மிகக் குறைந்த 'ஓபன்' பிரிவினர் நேர்மாறாகச் செய்கிறார்கள். லேசான குண்டு, நிறைய மருந்து. குழலின் முனையில் பொருத்திய கருவியின் மேல்துளைகள் வழியே வாயு மேல்நோக்கிச் சீறி, துப்பாக்கியின் வாயைக் கீழே அழுத்துகிறது. ஒருவர் தவிர்க்கும் வாயுவை இன்னொருவர் வேலைக்கு வைத்துக்கொள்கிறார்! உதையைத் தாங்கும் ஸ்பிரிங்கின் வலிமையும் தோட்டாவின் விசையோடு பொருந்த வேண்டும். மென்மையான தோட்டாவுக்கு முரட்டு ஸ்பிரிங் போட்டால் துப்பாக்கி பாதியில் நின்றுவிடும்.

இந்தியாவில் இந்தப் போட்டி வேரூன்றாததற்குச் சட்டம் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதன் பிரதான அளவான 9 மி.மீ. இங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது. நாம் பதக்கம் வாங்குவது பெரும்பாலும் ஏர் பிஸ்டலிலும் .22-இலும். .22 தோட்டாவின் பற்றவைப்பு மருந்து கூட்டின் விளிம்பிலேயே இருப்பதால் அதை மறுபடி நிரப்பும் வழக்கமே இல்லை. ஒப்பிடத்தக்க பெருமை ஒன்று நம்மிடமும் உண்டு. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலில் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதையும் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் தடை செய்கிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வீட்டு மேசையில் முயன்றால் சிறைதான். அந்தச் சட்டத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

கார்டைட் வெயிலைத் தாங்காது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். நைட்ரோசெல்லுலோஸ், அதாவது முன்பு பார்த்த வெடிபஞ்சு, அலமாரியில் இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைகிறது. சிதைவில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். சூடு அதை விரைவுபடுத்தும். அந்த ஆக்சைடுகளைப் பிடித்து விழுங்க நிலைப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். குழலுக்கு மசகாகச் சேர்த்த வாசலின் இந்த வேலையையும் செய்தது கார்டைட்டின் அதிர்ஷ்டம். நிலைப்படுத்தி தீர்ந்துவிட்டால் மருந்து தானே தீப்பற்றும். பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் இயெனா 1907-இலும் லிபெர்த்தே 1911-இலும் துலோன் துறைமுகத்தில் வெடித்ததற்குக் கெட்டுப்போன மருந்தையே காரணமாகச் சொன்னார்கள்.

எனவே மலையில் பழைய பங்களாக்களிலோ தாத்தா காலத்துப் பெட்டியிலோ பச்சை பூத்த தோட்டாக்கள் கிடைத்தால், அவை செத்துப்போனவை என்று எண்ணி உடைத்துப் பார்க்காதீர்கள், பரணில் வெயில் படும் இடத்தில் போட்டும் வைக்காதீர்கள். பிள்ளைகளை விலக்கி வைத்துவிட்டு, கை வைக்காமல், பக்கத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.