திப்புவின் படுக்கையறை வாள்

2023 மே மாதம் லண்டனில் ஒரு வாள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனதல்லவா, "இரும்புக்கு அவ்வளவு விலையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார் அத்திப்பட்டு வாசகர் ஒருவர். திப்பு சுல்தானின் வாள் அது. பிறகு ஆங்கிலேயப் படை தன் தளபதி ஒருவருக்கு அதையே பரிசாகக் கொடுத்த கதையைச் செய்திகள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயின.

தளபதிக்கு வாள் பரிசளிப்பது அக்கால ஐரோப்பிய வழக்கம். பணம் திரட்டிப் புதிதாகச் செய்யச் சொல்வார்கள். அந்த வாள்களில் என்னை மயக்குவது அலகின் நீலம். அது சாயமில்லை. எஃகை ஏறக்குறைய 300 டிகிரிக்குச் சூடேற்றினால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் படியும். அதில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நீலமாகத் தெரிகிறது. நம் அனல்மின் நிலையத்துக் குழாய்களில் வெல்டிங் ஓரமாக மயில்கழுத்து நிறம் ஓடுமே, அதேதான். பக்கத்தில் தங்கப் பூவேலை. தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசிச் சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டி நிற்கும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்குக் கை நடுங்கும், பல் ஆடும். இத்தனை பாடுபட்டுச் செய்த வாளை யாரும் சண்டைக்கு எடுப்பதில்லை. பவுடர் போட்டுத் துலக்கினால் நீலமும் போச்சு, பொன்னும் போச்சு. ஆயுதபூஜைக்கு முதல் நாள் பழைய வாளைத் தேய்க்க உட்காருபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

திப்புவின் வாளைப் பரிசாகப் பெற்ற தளபதி டேவிட் பேர்டு. அவருக்குக் கிடைத்த வாளை யாரும் புதிதாகச் செய்யச் சொல்லவில்லை. இறந்துபோன திப்புவின் படுக்கையறையிலிருந்து எடுத்து வந்தார்கள். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையை நொறுக்கியபோது பிடிபட்டவர் பேர்டு. மூன்றரை வருஷத்துக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் சிறை. 1799 மே 4 அன்று அதே கோட்டைக்குள் தாக்குதலை நடத்திப் போனவரும் அவரே. அன்றுதான் திப்பு மாண்டார். வாளின் பிடியில் இறைவனின் பண்புகள் தங்க எழுத்தில் இழைந்திருக்கின்றன. அலகில் 'அரசனின் வாள்' என்ற பாரசீக வாசகம். கூடவே, பேர்டின் துணிவை மெச்சிப் படை அளித்தது என்று ஆங்கில வரிகள்.

அந்தப் படையில் பாதிக்கு மேல் நம் நாட்டுச் சிப்பாய்கள். கொள்ளைப் பங்கில் சிப்பாய்க்குக் கிடைத்தது ஏறத்தாழ 5 பவுண்டு. தலைமைத் தளபதி ஹாரிஸுக்கு 1,40,000 பவுண்டுக்கு மேல். இந்த வாளைப் பேர்டுக்குக் கொடுக்கலாமா என்று எந்தச் சிப்பாயிடமாவது கேட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

வாசகர் கேட்ட விலைக்கு வருகிறேன். ஏலக்காரர்களே 15 முதல் 20 லட்சம் பவுண்டு என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள். மிச்சத்தை ஏற்றிவிட்டது திப்புவின் பெயர். பேர்டின் பெயர் மட்டும் இருந்திருந்தால் அதில் கால்வாசியாவது தேறியிருக்குமா என்பது சந்தேகம்.