அப்பாவின் துப்பாக்கி யாருக்கு?
ஆயுதச் சட்டம்: வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

கோந்த்வாவில் நம்மவர் வீடுகளில் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு அதிகம் எழுவதில்லை. எழுந்தால் இரண்டு சந்தர்ப்பங்களில்தான். ஒன்று, சாலுங்கே விஹார் பக்கம் குடியிருக்கும் முன்னாள் ராணுவத்தினர் யாராவது ஓய்வுக்குப் பின் காவல் பணிக்குப் போக நினைக்கும்போது. இன்னொன்று, ஊரில் பெரியவர் காலமாகி, காரியமெல்லாம் முடிந்து பீரோவைத் திறக்கும்போது. "அப்பாவோட டபுள் பேரல் இருக்கே, அதை என்ன செய்யறது?" என்று யாரோ கேட்பார்கள். "நீதானே மூத்தவன், புனேக்கு எடுத்துட்டுப் போயிடு" என்று சித்தப்பா சொல்லிவிடுவார். அந்தப் பேச்சைக் கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுமா?

"தமிழ்நாட்டு ரூல் வேற, மகாராஷ்டிரா ரூல் வேற" என்று பலர் சொல்வதுண்டு. இது பாதிதான் சரி. நம் அரசியலமைப்பில் ஆயுதங்களும் வெடிமருந்தும் மத்தியப் பட்டியலில் உள்ளன. ஆகவே நாடு முழுமைக்கும் ஒரே சட்டம்தான்: 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் கீழ் 2016-இல் வந்த ஆயுத விதிகள் இப்போது அமலில் உள்ளன.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பெனி அரசு பிரகடனம் போட்டு அவர்களுடைய ஆயுதங்களைப் பறித்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்துச் சட்டம் இந்தியர்கள் உரிமம் பெற்றே ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. சுதந்திர இந்தியாவின் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. உரிமம் என்ற நிபந்தனையை வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் உள்ளது போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அரசியலமைப்பு தந்த உரிமை அன்று.

மாநிலத்தின் பங்கு நடைமுறையில் வருகிறது. தமிழ்நாட்டு மாவட்டங்களில் உரிமம் தருபவர் கலெக்டர். புனே நகரில், கோந்த்வா உட்பட, போலீஸ் கமிஷனர்.

உரிமம் ஆளுக்கே

சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி உரிமம் இன்ன நபருக்கு என்றே வழங்கப்படுகிறது. அவர் கண்ணை மூடிய பின், வீடும் நிலமும் போலத் துப்பாக்கி தானாக வாரிசின் கைக்கு வந்துவிடாது. அதை வைத்திருக்கும் உரிமை அவரோடு முடிந்துவிட்டது. 21-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். தோட்டாக்களும் இதில் சேர்த்தி. ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஊர்லயே பரண் மேல பூட்டி வச்சிட்டேன், சாவி மட்டும் எங்கிட்ட" என்று சமாதானம் சொல்வோர் உண்டு. 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பொருள் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை, அது இருப்பது தெரிந்து, அதன் மீது ஆதிக்கமும் இருந்தால் அதுவே 'வைத்திருத்தல்'. சாவி கோந்த்வாவில் இருந்தாலும் பொறுப்பு உங்களுடையதாகிவிடலாம்.

உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தண்டனை இரண்டு ஆண்டுக்குக் குறையாத, ஐந்து ஆண்டு வரையிலான சிறையும் அபராதமும். சுடவே இல்லை என்பது பதிலாகாது. நடிகர் சஞ்சய் தத் நம் எரவாடா சிறையிலிருந்து 2016 பிப்ரவரியில் விடுதலையானதை இங்குள்ளோர் அறிவர். சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கே அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை.

வாரிசுக்கு வழி உண்டா?

உண்டு. 2016 விதிகளின் 25-ஆம் விதிப்படி, உரிமதாரர் இறந்த பின் சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயது ஆனாலோ இருபத்தைந்து ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, பெரியவர் வாரிசுக்கு மாற்றித்தர முடியும். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் தேவைப்படும். புனேவாசி விண்ணப்பிக்க வேண்டிய இடம் புனே கமிஷனர் அலுவலகம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை, பத்திரமாக வைக்கும் ஏற்பாடு எல்லாம் பார்ப்பார்கள். கிடைத்தால் ஐந்தாண்டுக்குச் செல்லும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது; பரம்பரைச் சொத்தானாலும் இதே கணக்குதான். உரிமம் கைக்கு வந்து, அது செல்லுபடியாகும் பகுதியையும் சரிபார்த்த பின்பே துப்பாக்கி ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அருவாளும் சிலம்பக் கம்பும்

ஊரிலிருந்து அருவாமனை கொண்டுவருவோர் பயப்பட வேண்டாம். விதிகளில் வரும் வாள், கத்தி வகைகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவை அதில் சேரா. ஆனால் வேலைக்கான அருவாளை வீதியில் வீசிக் காட்டினால் கதையே வேறு.

இங்கேதான் மாநிலச் சட்டம் வருகிறது. மகாராஷ்டிர போலீஸ் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்கீழ், பண்டிகை, ஊர்வலக் காலங்களில் கமிஷனர் தடை உத்தரவு போடுவார். அப்போது துப்பாக்கி, வாள் மட்டுமல்ல, தடி எடுத்துப் போவதற்கும் தடை வரலாம். பொங்கல் விழாவில் நம் பிள்ளைகள் சிலம்பம் சுற்றுவதானால், முன்கூட்டியே உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் அனுமதி பெறுவது நல்லது. கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்கு வானத்தை நோக்கிச் சுடுவதும், உரிமம் இருந்தாலும், 2019 முதல் தனிக் குற்றம்: இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஊரில் பெரியவர்கள் இருக்கும் குடும்பங்கள் அடுத்த விடுமுறைக்குப் போகும்போது ஒன்று செய்யலாம். பத்திரம், பாஸ்புக் பார்ப்பதோடு, துப்பாக்கி இருந்தால் அதன் உரிமப் புத்தகத்தையும் எடுத்து, யார் பெயர், எதுவரை செல்லும் என்று பாருங்கள். அவர் வயது எழுபதைத் தாண்டியிருந்தால், அப்போதே உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். காட்டுப்பன்றியை விரட்ட அவர் வாங்கிய துப்பாக்கிக்காகப் பிள்ளைகள் கோர்ட் வாசலில் நிற்பதை அவரும் விரும்பமாட்டார்.