800 கிலோமீட்டர் மட்டும் ஓடிய காருக்கு ஏன் இவ்வளவு விலை?

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு நம்பரைப் பத்தி: ஓடோமீட்டர்ல இருக்கிற நம்பர்.

2005, 2006 மாடல் ஃபோர்டு ஜிடி கார்கள் அமெரிக்காவில் அடிக்கடி ஏலத்துக்கு வரும். சில கார்கள் 500 மைல்கூட ஓடியிருக்காது. நம்ம கணக்கில் சுமார் 800 கிலோமீட்டர். புதுசா விற்றபோது விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். இப்போ அந்த மாதிரி கார் மூன்று மடங்குக்கு மேல் போகுது. நல்லா ஓட்டின அதே கார் அதைவிடக் குறைவு. ஓடுறதுக்குன்னே செஞ்ச பொருள், ஓடாம இருந்தா மதிப்பு ஏறுது. இது சரியான லாஜிக்கா?

முதல்ல கார் எது?

'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படம் பார்த்தவங்களுக்குப் பாதிக் கதை தெரியும். 1963-ல் ஃபெராரி கம்பெனியை வாங்க ஃபோர்டு பேச்சுவார்த்தை நடத்தியது. ரேஸிங் பிரிவு யார் கையில் இருக்கணும் என்ற இடத்தில் என்ஸோ ஃபெராரி மறுத்துட்டார். அந்தக் கோபத்தில் ஃபோர்டு செஞ்ச ரேஸ் கார்தான் ஜிடி40. தரையிலிருந்து கூரை வரை 40 இன்ச் உயரம், அதனால் அந்தப் பேர்.

பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1964, 1965 ரெண்டு வருஷமும் தோல்வி. வேகம் இருந்தது, ஆனா கார் கடைசி வரை தாங்கல. அப்புறம் அவங்க செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். இன்ஜினை டைனமோமீட்டரில் மாட்டி, லெ மான்ஸ் டிராக்கின் ஒவ்வொரு லேப்பும் எப்படி இருக்குமோ அப்படியே, கியர் மாற்றுவது உட்பட, மணிக்கணக்கா ஓட்டிப் பார்த்தாங்க. நம்ம பாஷையில் சொன்னா, பக்காவான லோட் டெஸ்ட். 1966-ல் முதல் மூன்று இடமும் ஃபோர்டுக்கே. 1969 வரை தொடர்ந்து நான்கு வெற்றி. கடைசி ரெண்டு வருஷமும் ஜெயிச்சது சேஸிஸ் நம்பர் 1075 என்ற ஒரே கார்தான்!

அந்த நினைவில், 2002 டெட்ராய்ட் ஆட்டோ ஷோவில் ஒரு கான்செப்ட் காராக வந்து, பிறகு விற்பனைக்கு வந்ததுதான் ஃபோர்டு ஜிடி. 5.4 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8, 550 குதிரைசக்தி, ஆறு கியர் மேனுவல். மொத்தம் 4,038 கார்கள் மட்டுமே.

ஒரு சின்னக் கணக்கு

1966-ல் ஜெயிச்ச கார் 24 மணி நேரத்தில் ஓடிய தூரம் சுமார் 4,843 கிலோமீட்டர். பிட்டில் நின்ற நேரத்தையும் சேர்த்தே சராசரி வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். பந்தயம் தொடங்கியது மாலை 4 மணிக்கு. அப்போ 800 கிலோமீட்டரை அது எப்போ தாண்டியிருக்கும்? ராத்திரி 8 மணிக்குள்ள. பேரன் இருபது வருஷத்தில் ஓடியதைத் தாத்தா நாலு மணி நேரத்தில் ஓடி முடிச்சுட்டார்.

அப்போ வாங்குறவங்க முட்டாளா?

இல்லவே இல்ல. இனிமேல் இந்தக் கார் ஒண்ணுகூடப் புதுசா வரப்போறதில்ல. ஓட்டின காரை ஓட்டாத காரா மாத்தவும் முடியாது. அதனால் அந்தச் சின்ன நம்பரே ஒரு அரிய பொருள். ஃபேக்டரியில் இந்தக் காருக்குக் கொடுத்த ஆப்ஷன் நாலே நாலு: ஸ்ட்ரைப், ஃபோர்ஜ்டு வீல், கலர் பிரேக் காலிப்பர், ஸ்டீரியோ. நாலும் இருக்கான்னு எண்ணிப் பார்த்து விலை பேசுற உலகம் இது.

சிக்கல் என்னன்னா, ஓட்டினா விலை இறங்கும், அதனால் ஓட்டக் கூடாது என்ற வலையில் ஓனரும் மாட்டிக்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல், 'கம்மியா ஓடியிருக்கு' என்பதை 'நல்ல கண்டிஷன்' என்று நாம புரிஞ்சுக்கிறது.

ரெண்டு கடிகாரம்

ஒரு காருக்கு வயசு ரெண்டு வழியில் ஏறும். ஒண்ணு கிலோமீட்டர், இன்னொண்ணு காலம். ஓடோமீட்டர் முதலாவதை மட்டும்தான் எண்ணும். ரெண்டாவதுக்கு மீட்டரே கிடையாது. நிறுத்தி வெச்சாலும் டயர் ரப்பர் இறுகும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, கொதிநிலை குறையும். ஆயில் சீல் காய்ஞ்சு கசியும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் கெட்டுப்போகும். பேட்டரி இறங்கும். ரெண்டு வருஷமா யாரும் தொடாத சர்வரை 'எந்தப் பிரச்சினையும் இல்ல'ன்னு நம்புவோமா?

இதில் உயிரே போயிருக்கு. 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் பயணித்த போர்ஷே கரேரா ஜிடி விபத்துக்குள்ளாகி, ஓட்டியவரும் அவரும் இறந்தாங்க. அதுவும் ரேஸ் இன்ஜின் பரம்பரையில் வந்த அரிய கார்தான். முக்கியக் காரணம் அதிவேகம் என்றது விசாரணை. கூடவே, டயர்களுக்கு ஒன்பது வயசு என்றும், அது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்றும் பதிவு செய்தது.

எனக்கு இது உறைச்சது ஒரு செகண்ட் ஹேண்ட் பைக்கில். 'ஆறு வருஷ வண்டி, நாலாயிரம்தான் ஓடியிருக்கு'ன்னு சந்தோஷமா வாங்கினேன். ரெண்டாவது வாரம், லேசான தூறல், சிக்னல்ல பிரேக் பிடிச்சேன், முன் டயர் வழுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்ப்போட தப்பிச்சேன். டயர்ல பட்டன் எல்லாம் புதுசு மாதிரியே இருந்தது. மெக்கானிக் அண்ணன் நகத்தால அழுத்திக் காட்டினார்: 'தம்பி, இது கல்லு.'

நீங்க செய்ய வேண்டியது

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க நம்பர் இருக்கும். 2316 என்றால், 2016-ஆம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. பழைய வண்டி வாங்கும்போது கிலோமீட்டரைக் கேட்கிறதோட, இதையும் பாருங்க. பிரேக் ஃப்ளூயிட் கடைசியா எப்போ மாத்தினாங்கன்னு கேளுங்க. சர்வீஸ் பில்லில் தேதி தொடர்ச்சியா இருக்கான்னு பாருங்க. மாசா மாசம் ஓடின 40,000 கிலோமீட்டர் வண்டி, மூலையில் நின்ன 4,000 கிலோமீட்டர் வண்டியைவிட நல்லா இருக்கலாம்.

அந்த 1075 நம்பர் காரை இன்னைக்கும் கொண்டாடுறாங்க. அது எவ்வளவு கம்மியா ஓடிச்சுன்னு யாரும் கேட்கிறதில்ல.

உங்க வண்டி டயரில் என்ன நம்பர் இருக்குன்னு இப்பவே கீழே போய்ப் பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!