நாலே கால் மணி நேரம்தானா?

"நாலே கால் மணி நேரம்தாம்மா. ஒரு தூக்கம் போட்டா சிங்கப்பூர் வந்திடும்!" என்றாள் என் பெண், போனில். அவளுடைய பிரசவத்துக்காகக் கிளம்பினேன். எனக்கு அதுதான் முதல் விமானப் பிரயாணம்.

டிக்கெட்டைப் பார்த்தால் ஒரே குழப்பம். சென்னையில் இரவு 11.30-க்குக் கிளம்பி, காலை 6.15-க்குச் சேரும் என்று போட்டிருந்தது. ஆறே முக்கால் மணி அல்லவா ஆகிறது! திரும்பும் டிக்கெட்டிலோ மாலை 6 மணிக்குக் கிளம்பி, 7.45-க்கே சென்னை. "அங்கே கடிகாரம் நம்மளைவிட ரெண்டரை மணி முந்தி ஓடுது, அவ்வளவுதான்" என்று என் வீட்டுக்காரர் விளக்கினார்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஆம்பூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 180 கிலோமீட்டர்தான். ஆனால் வேலூர், வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போய்ச் சேர இதற்கும் நாலு மணி நேரம்! மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டுமே என்று மாலை 4 மணிக்கே காரில் ஏறினேன். பெண் வீட்டு வாசலை மிதித்தபோது நம்ம ஊர்க் கணக்கில் விடியற்காலை ஐந்தரை. ஆக, பதின்மூன்றரை மணி நேரம்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் நான் அவஸ்தைப்பட்டேன். எனக்குச் சர்க்கரை உண்டு. 'சாப்பாடுதான் விமானத்தில் தருவார்களே' என்று காரிலேயே ஏழரை மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஒன்பதரைக்கு வரிசையில் நிற்கும்போது குப்பென்று வியர்த்தது, கை நடுங்கியது. பின்னால் நின்ற பெண்மணி, "என்னக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, சட்டென்று ஒரு கடலை மிட்டாயை என் கையில் வைத்தாள். புண்ணியவதி! விமானத்தில் சாப்பாடு வந்தபோது மணி பன்னிரண்டரை.

மறுபடி போகும் முன் டாக்டரிடம் கேட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், சாப்பாட்டு நேரம், போய்ச் சேரும் நேரம் எல்லாவற்றையும் நம்ம ஊர்க் கடிகாரப்படி எழுதி வரச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் மாத்திரை வேளையை மாற்றிக் கொடுத்தார். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சரக்கு அறைக் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். ஏதாவது இனிப்பும் கையோடு இருக்கட்டும்.

(பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடியில்கூட வேண்டாம். ஆம்பூர் பிரியாணிக்கும் அனுமதி இல்லை!)

இன்னொன்று, கால் வீக்கம். ஷூ கம்பெனியில் இருபது வருஷம் தைத்தவள் நான். இறங்கும்போது என் காலே செருப்புக்குள் நுழையவில்லை! மணிக்கொரு தரம் எழுந்து நடந்து, கணுக்காலை ஆட்டி, தண்ணீரும் குடித்திருந்தால் இவ்வளவு வீங்கியிருக்காது.

திரும்பும்போது பெண்ணும் மூன்று மாதப் பேத்தியும் கூட வந்தார்கள். விமானம் இறங்கும்போது காது அடைத்துக் குழந்தைகள் வீறிடும். பால் குடித்து விழுங்கிக்கொண்டே இருந்தால் அடைப்பு விடும். இறங்கப் போவதாக அறிவித்ததுமே பெண்ணைப் பால் கொடுக்கச் சொன்னேன். சமர்த்தாகக் குடித்துத் தூங்கிவிட்டாள். பள்ளிகொண்டா டோல்கேட் வந்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள், ஆம்பூர் வரை நிறுத்தவில்லை!