ஸ்பிளிட் ஏ.சி: நீங்களே செய்யக்கூடியது பாதி, கைவைக்கக் கூடாதது பாதி

சித்திரை பிறப்பதற்கு முன்பே விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்து மாடி வீடுகள் அடுப்பாகிவிடுகின்றன. பகலெல்லாம் கான்கிரீட் தளம் வாங்கிய சூடு, இரவு பத்து மணிக்கு மேலும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் ஒரு அறைக்கு ஏ.சி. என்பது இன்று ஆடம்பரம் இல்லை. மெஷினைத் தவணையில் வாங்கிவிடலாம். ஃபிட்டிங் சார்ஜ், ஸ்டாண்டு, கூடுதல் செம்புக் குழாய், ஒயர் என்று கடைசியில் ஒரு தொகை வருமே, அதைப் பார்க்கும்போதுதான் இந்தக் கேள்வி வருகிறது: “கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டரையே பிரிச்சு மாட்டுறோம், இதை நாமளே மாட்டிக்கக் கூடாதா?”

நியாயமான கேள்விதான். வேலையில் பாதியை நீங்களே செய்யலாம்; செலவும் குறையும். மீதிப் பாதியில் கைவைத்தால் மெஷினும் போகலாம், உயிரும் போகலாம். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வோம்.

அச்சகத்தில் பிறந்த மெஷின்

நவீன ஏ.சி.யை வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் 1902-ல் வடிவமைத்தார். மனிதர்கள் குளிர்ச்சியாகத் தூங்குவதற்காக அல்ல. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காக. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்க, ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல.

ஸ்பிளிட் ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் இரண்டு செம்புக் குழாய்கள். குழாய்க்குள் சுற்றும் வாயுதான் சூட்டைச் சுமக்கும் கூலியாள். இந்த வாயு அடைபட்டிருக்கும் அழுத்தத்தைப் பாருங்கள். பைக் டயரில் 30 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று அடிக்கிறோம். இன்று பரவலாக விற்கும் ஆர்-32 வாயு ஓடும் ஏ.சி.யில், நம் ஊர் வெயிலில், சூடான பக்கத்து அழுத்தம் 400 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். குழாய் வேலையை ஏன் விளையாட்டாக எடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

முதலில் கூரை

மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் ஏ.சி. மாட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைக்கிற வேலை. மெஷின் வாங்குமுன் தளத்தைக் கூட்டிக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பை இரண்டு மூன்று பூச்சு அடியுங்கள், அல்லது வெப்பம் தடுக்கும் வெள்ளை பெயின்ட் அடியுங்கள். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மேற்குச் சன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டுங்கள். சிமென்ட் ஷீட் கூரையாக இருந்தால் அடியில் சீலிங் அடிக்காமல் ஏ.சி.யை நினைக்கவே வேண்டாம்.

120 சதுர அடி வரையுள்ள அறைக்கு ஒரு டன் போதும். 150 முதல் 180 சதுர அடி என்றாலோ, மாடித் தளத்தின் கீழ் என்றாலோ ஒன்றரை டன் பாருங்கள். டன் என்பது மெஷினின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு சூட்டை வெளியேற்றும் திறன். சூடும் குளிரும் இரண்டும் தரும் மாடல்களும் உண்டு. அது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உதவும். விருதுநகரில் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

நீங்களே செய்யக்கூடியவை

இடம் பார்ப்பது: வெளிப்பெட்டிக்கு வடக்குச் சுவர் நல்லது, மேற்கு வெயில் நேராக விழக் கூடாது. பின்பக்கம் ஒரு அடி, முன்பக்கம் மூன்று நான்கு அடி காலியாக இருக்கட்டும். மாட்டுக்கொட்டகை, உரக்குழி, யூரியா மூட்டை அடுக்கிய அறை ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். கோமியத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்கும். குழாயை இறுக்கும் பித்தளை நட்டில் விரிசல் விட்டால் வாயு மெல்லக் கசிந்துவிடும். பருத்தித் தூசு, களத்துத் தூசு பறக்கும் பக்கமும் வேண்டாம்.

ஸ்டாண்டு: கரிசல் மண்ணில் நேரடியாகத் திட்டு கட்டி வெளிப்பெட்டியை வைக்காதீர்கள். மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண் அது. திட்டு சாய்ந்தால் குழாய் இழுபட்டு இணைப்பு தளரும். சுவரில் ஆங்கிள் ஸ்டாண்டு அடித்து, ரசமட்டம் பார்த்து இறுக்குங்கள். அடியில் ரப்பர் புஷ் வையுங்கள்.

துளை: உள்பெட்டி தரையிலிருந்து ஏழு அடிக்கு மேலே, கூரையிலிருந்து அரையடி கீழே இருக்கட்டும். இரண்டரை அங்குலத் துளை, உள்ளிருந்து வெளியே லேசாகச் சரிந்து போக வேண்டும். சரிவு தலைகீழானால் தண்ணீர் அறைக்குள் சொட்டும். துளையிடுமுன் சுவருக்குள் ஒயர் பைப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிகால்: ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீர் குழாய் வழி முழுக்கச் சரிவாக இறங்க வேண்டும். நடுவில் எங்கும் மேலேறக் கூடாது. அந்தத் தண்ணீரை எர்த் குழிக்குள் விடுங்கள். கோடையில் காய்ந்து வெடிக்கும் கரிசலில் எர்த் பிடிப்பு குறைந்துவிடும். குழி ஈரமாக இருந்தால்தான் எர்த் வேலை செய்யும்.

இத்தனையையும் செய்து வைத்துவிட்டு மெக்கானிக்கை அழைத்தால் அவருடைய வேலை நேரம் பாதியாகும். ஆனால் அழைப்பதற்கு முன் உத்தரவாத அட்டையைப் படியுங்கள். பல நிறுவனங்களில் அவர்கள் அனுப்பும் ஆள்தான் குழாய் இணைக்க வேண்டும் என்பது விதி.

கைவைக்கக் கூடாதவை

ஒன்று, மின்சாரம். ஏ.சி.க்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும்: 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், 20 ஆம்ப்ஸ் எம்.சி.பி., கசிவு மின்சாரத்தில் இறங்கிவிடும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகவே கூடாது. லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டு, குழாய் இணைப்பும் வாயுவும். குழாய் வாயை விரித்து நட்டில் உட்கார வைப்பதற்கும், அளவாக இறுக்குவதற்கும் தனிக் கருவிகள் உண்டு. கூட ஒரு சுற்று இறுக்கினாலும் செம்பு கிழியும். பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, உள்ளிருந்தே மெஷினைத் தின்னும்.

மெக்கானிக் வந்ததும் பாருங்கள்

வேக்குவம் பம்ப் கொண்டுவந்திருக்கிறாரா? மெஷினில் இருக்கும் வாயுவையே கொஞ்சம் திறந்துவிட்டு, “காத்து வெளியே போயிரும்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைந்தது 20 முதல் 30 நிமிடம் பம்ப் ஓட வேண்டும். நிறுத்திய பிறகு மீட்டர் முள் ஏறாமல் நிற்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

கசிவு பார்க்க நைட்ரஜன் மட்டும்தான். வெல்டிங் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். வீடு மாற்றும்போது ஏ.சி.யைக் கழற்றுவதிலும் இதே ஆபத்து உண்டு. குழாய் திறந்திருக்க மெஷினை ஓட்டினால் கம்ப்ரஸர் காற்றை இழுத்து எண்ணெயோடு அழுத்தும். டீசல் என்ஜினுக்குள் நடப்பதுதான் அங்கும் நடக்கும்.

பட்டாசு வட்டாரத்துக்குத் தனிக் குறிப்பு

பழைய ஏ.சி.களில் இருந்த ஆர்-22 தீப்பிடிக்காது; ஆனால் ஓசோன் படலத்தைக் கெடுக்கும். அதனால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அது ஒதுக்கப்பட்டு வருகிறது. அந்த இடத்தில் வந்த ஆர்-32 மெதுவாகத் தீப்பிடிக்கும் ரகம். எரிந்தால் நச்சு வாயுவும் வரும். கோத்ரெஜ் நிறுவனம் 2012-ல் இந்தியாவில் கொண்டுவந்த ஆர்-290 ஏ.சி.யில் இருப்பது புரொப்பேன். சமையல் வாயுவின் உறவுக்காரன். ஓசோனுக்கும் பருவநிலைக்கும் நல்லது, மின்சாரமும் மிச்சம். ஆனால் கசிந்தால் காற்றைவிடக் கனமாகித் தரையில் தேங்கும். சமையல் வாயுவுக்குச் சேர்க்கும் வாடையும் இதில் இருக்காது.

எந்த வாயு என்பது வெளிப்பெட்டியின் தகட்டில் எழுதியிருக்கும். இந்த இரண்டில் எதுவானாலும் குழாய் வேலை நடக்கும்போது விளக்கு, ஊதுபத்தி, பீடி, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் கூடாது. சன்னல், கதவு திறந்திருக்கட்டும். ஆர்-22 மெஷினில் “சீப்பா இருக்கு” என்று வேறு வாயு நிரப்ப விடாதீர்கள்.

வேலை முடிந்து வருபவர்களின் துணியில் ஒட்டியிருக்கும் அலுமினியப் பொடியும் மருந்துத் தூசும் ஏ.சி. அறைக்குள் வர வேண்டாம். குளித்து, துணி மாற்றிவிட்டு வாருங்கள். மருந்து, திரி, சரவெடி வைத்த எந்த அறையிலும், அதையொட்டிய சுவரிலும் ஏ.சி. மாட்டக் கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்வதே சட்டப்படி குற்றம். அதன்மேல் ஒரு ரிலே பொறி போதும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை.

பில் கணக்கு

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. மணிக்குச் சராசரியாக முக்கால் யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி நேரம் ஓடினால் 6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 360. மற்றப் பயன்பாடு 200 என்றால் மொத்தம் 560. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் சேர்த்தே விலை கூடும். எனவே, 24-க்குப் பதில் 26 டிகிரி வைத்து, மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டு, 6 மணி நேரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் 6 சதவிகிதம் அளவுக்கு மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. அப்போது ஏ.சி.க்கு 240 யூனிட்தான் ஆகும். மொத்தம் 440-ல் நின்றுவிடும்.

வாசகர்கள் கேட்கும் மூன்று கேள்விகள்

தோட்டத்து வீட்டில் மோட்டார் சர்வீஸிலிருந்து ஏ.சி. ஓட்டலாமா?

கூடாது. இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டும். வேறு பயன்பாட்டுக்குத் திருப்பினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி இரண்டு மடங்கு கட்டணம் விதிக்கலாம். தோட்டத்து வீட்டுக்குத் தனி வீட்டு இணைப்பு வாங்குங்கள்.

ஏர் கூலர் போதாதா?

நம் வட்டாரத்தின் வறண்ட காற்றுக்குப் பங்குனி, சித்திரையில் நன்றாகவே வேலை செய்யும். மின்சாரமும் மிகக் குறைவு. ஆனால் தண்ணீர் வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும். ஐப்பசி ஈரத்தில் பயன் இல்லை. தண்ணீர் வசதி இருந்தால் முதலில் கூலரைப் பாருங்கள்.

மின்னழுத்தம் குறைவான ஊர். ஸ்டெபிலைசர் வேண்டுமா?

கையேட்டில் மெஷின் தாங்கும் மின்னழுத்த அளவு போட்டிருக்கும். மாலையில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் உங்கள் வீட்டு மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். அந்த அளவுக்குக் கீழே போனால் ஸ்டெபிலைசர் கட்டாயம்.

மாதம் இரண்டு முறை உள்பெட்டி வலையைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெளிப்பெட்டித் தூசியை, மெயினை அணைத்துவிட்டு, வேகமில்லாத தண்ணீரால் கழுவுங்கள். இந்த இரண்டுக்கும் மெக்கானிக் தேவையில்லை.