உஷார்! ராத்திரியில் வரும் அந்த வீடியோவை அனுப்பாதீர்கள்

பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை இருக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். "நம்ம ஏரியாவுல நடந்தது, எல்லா குரூப்புக்கும் ஷேர் பண்ணுங்க" என்று மதச் சண்டை வீடியோ ஏதாவது வந்தால் கையை அடக்குங்கள். விநாயகர் ஊர்வலம், ரம்ஜான், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இன்னும் கவனம் வேண்டும்.

வீணாகப் பயமுறுத்தவில்லை. கோவையில் 1997 நவம்பர் 29 இரவு உக்கடத்தில் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அதற்கு முன் நடந்திருந்தது ஒரு டிராபிக் தகராறு. கொலைகாரர்களைப் பிடித்துத் தண்டிப்பதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், ஒரு சமூகத்தின் மேலேயே பாய்ந்தது. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. அதற்குப் பழி என்று 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்தன. ஆஸ்பத்திரி வளாகத்தைக்கூட விடவில்லை. 58 பேர் போனார்கள். இத்தனைக்கும் அங்கே யாரும் சாமியைப் பற்றிச் சண்டை போடவில்லை. கடைவீதியில் வியாபாரப் போட்டி இருந்தது, போலீஸ் மேல் கசப்பு இருந்தது, இரண்டு பக்கமும் பகையை ஊதிவிட ஆட்கள் இருந்தார்கள். மதம் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. வந்த பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

அன்றைக்கு வாட்ஸப் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. 2023 மார்ச்சில் வெளிமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. வேறு மாநிலத்தில் எடுத்தவையும் அதில் இருந்தன. அதை நம்பிப் பயந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

நம் பக்கம் எனக்கு ஏன் கவலை அதிகம் என்றால், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம் பக்கமெல்லாம் புதிது புதிதாக ஃபிளாட் வருகிறது. எதிர்வீட்டில் யார் என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்கிறோம். பழகாத ஆளைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும்.

வீடியோ வந்தால் பின்னணியைப் பாருங்கள்: கடைப் பலகையில் எந்த மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம், போலீஸ் தொப்பி எப்படி. சந்தேகம் இருந்தால் தாம்பரம் காவல் ஆணையரகத்துக்குச் சொல்லுங்கள். கண்ணெதிரே கூட்டம் சேர்ந்தால் 112. மதப் பகையைத் தூண்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 196-வது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. குரூப் அட்மின்கள் அந்த மாதிரிப் பதிவைக் கண்டதும் நீக்குங்கள்.

நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. 1982-ல் மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவர் மோதல் வெடித்தபோது சைவ மடாதிபதியான குன்றக்குடி அடிகளார் நேரே அங்கே போய் சமாதானம் பேசினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, படகில் ஏற்றிவிட்டவரிடம் யாரும் மதம் கேட்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி போன் நம்பர் வாங்கி வையுங்கள். அடுத்த வதந்தி வரும்போது குரூப்பில் போடுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.